உறையாத வீடு

அவள் கடைசியாக அவரிடம் பேசியது கால்சட்டைப் பையைப் பற்றி. பையில் கிடந்த மணலும் நண்டு ஓட்டுத் துண்டுகளும் துவைக்கும் இயந்திரத்தை மறுபடியும் அடைத்துவிட்டிருந்தன. பையைக் கொட்டிவிட்டுப் போங்கள் என்று சமையலறையிலிருந்தே சத்தம் போட்டாள். அவர் வாசலில் நின்று இரண்டு பைகளையும் வெளியே இழுத்து உதறினார். திரும்ப உள்ளே தள்ள மறந்துவிட்டார். இரண்டு பக்கமும் வெள்ளைக் காது தொங்குவது போல அப்படியே தெருவில் இறங்கி நடந்தார். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாலு பேர் பார்த்துச் சிரித்தால்தான் புத்தி வரும் என்று விட்டுவிட்டாள்.

மதியம் சாப்பிட வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். தினமும் சொல்வதுதான். சாப்பாடும் ஆறி, அவள் கோபமும் ஆறிய பிறகுதான் வருவார்.

அவர் வேலை பார்த்தது கடற்கரையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில். ஆராய்ச்சி லாட நண்டுகளைப் பற்றி. குதிரை லாடம் மாதிரி வளைந்த ஓடு, பின்னால் ஈட்டி போல நீண்ட வால், வயிற்றுப் பக்கம் கொத்தாகக் கால்கள். பெயரில்தான் நண்டு; சொந்தமெல்லாம் சிலந்தியோடும் தேளோடும்தான். அதன் ரத்தம் வெளியே வரும்போது பால் கலந்த தண்ணீராக இருக்கும், காற்றுப் பட்டதும் நீலமாகும். கிருமியின் நஞ்சு துளியூண்டு பட்டாலும் போதும், சுற்றி வளைத்து உறைந்துவிடும். அந்த ரத்தத்திலிருந்து எடுத்த சாறையும் ஊசிமருந்தையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கலந்து, உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வழிந்து ஓடினால் சுத்தம். கட்டியாகி அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், உள்ளே வரக்கூடாத ஏதோ ஒன்று வந்திருக்கிறது.

அவள் தெருக்கோடி மருத்துவமனையில் செவிலி. ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டது. அவர் மட்டும் அப்படிக் கூப்பிட வழியில்லாமல், கல்யாணமான நாளிலிருந்து "இங்க பாரு" என்றுதான் கூப்பிட்டார். நீ போடுகிற ஒவ்வொரு ஊசியையும் எங்கள் ஆட்கள் முன்னாடியே ருசி பார்த்திருக்கிறார்கள் என்று பெருமை அடிப்பார். எங்கள் ஆட்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சொல் கொஞ்சம் அதிகப்படியாகவே ஒலித்தது.

அவற்றில் ஒன்று பெரிய பெண் நண்டு. ஓட்டில் பாசி படிந்த கிழவி. ரத்தம் எடுத்த நண்டுகளை எல்லாம் அடையாளக் கோடு போட்டுக் கடலில் விட்டுவிடுவார்கள். இதை மட்டும் அவர் விடவில்லை. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். வயிற்றெரிச்சலில் அவள்தான் சொன்னாள், நீலி என்று வையுங்கள், குடும்பம் கெடுக்கிறவளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. ஆராய்ச்சி செய்கிற மனிதருக்கு அந்தக் குத்தல் உறைக்கவே இல்லை. அட, நல்லா இருக்கே என்று மறுநாளிலிருந்து அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பெண்ணாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் வீட்டு வாசலில் போய் நின்று மானத்தை வாங்கியிருக்கலாம். ஓட்டில் பத்துக் கண்களோடு சும்மா கிடக்கிற ஒன்றிடம் போய் என்னவென்று கேட்பது?

அன்று மதியம் அவர் வரவில்லை. ஆய்வுக்கூடத்து இயக்குநர்தான் வந்தார்.

மாரடைப்பு என்றார். தொட்டி அறையில், தொட்டி ஓரமாக மண்டியிட்டபடி இருந்தாராம். ஒரு கை முழங்கை வரை தண்ணீருக்குள். அந்தக் கையைப் பிடித்திருந்த நண்டை விலக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்களாம். இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இயக்குநருக்குச் சொன்ன பிறகுதான் தோன்றியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எந்த நண்டு?" என்றாள்.

பின்னால் நின்ற உதவியாளர், அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட ஒல்லியான பெண், தலையைக் குனிந்துகொண்டாள். அது போதுமானதாக இருந்தது.

உடலைக் கொண்டுவந்தபோதும் கால்சட்டைப் பைகள் வெளியேதான் தொங்கின. அவள்தான் உள்ளே தள்ளிவிட்டாள்.

எல்லாம் முடிந்து, உறவு ஜனம் கலைந்துபோன பிறகு, அவள் காத்திருக்கத் தொடங்கினாள். செவிலியாக எத்தனையோ சாவு பார்த்தவள். செத்தவரின் இருமல் அடுத்த அறையில் கேட்டது, தலையணையில் அவர் எண்ணெய் வாசனை வந்தது என்று மிச்சமிருந்தவர்கள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டு, மனதுக்குள் மாத்திரை எழுதிக் கொடுத்தவள். இப்போது தனக்கும் ஒரு இருமல் வேண்டும் என்று தோன்றியது. கேட்டுப் பெற வேண்டிய பங்கு மாதிரி. மதியமானால் கதவைத் தாழ் போடாமல் வைத்தாள். தட்டு வைத்தாள். நாற்காலியை அவர் இழுத்துப் போடுகிற கோணத்தில் இழுத்துப் போட்டாள்.

வீட்டில் ஒரு துரும்பு அசையவில்லை. செத்த பிறகும் மனிதர் சாப்பாட்டு நேரத்துக்கு வருகிற மாதிரி இல்லை.

சில வாரம் போயிருக்கும். உதவியாளர் பெண் தலைவலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாள்.

"அக்கா, சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"தப்பா ரைட்டான்னு கேட்ட பிறகு பார்க்கலாம். சொல்லு."

"சார் வர்றாரு, அக்கா."

நோயாளி ஒருவர் இருமிக்கொண்டே கடந்து போனார். அந்தப் பெண் குரலை இன்னும் தாழ்த்தினாள். மதிய வேளையில், அவர் ரத்தம் எடுக்கிற நேரத்தில், எல்லா நண்டுகளும் தொட்டியின் ஒரு மூலைக்கு ஊர்ந்து போகின்றன. நீலியின் ஓட்டை யாரோ விரல் முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதைவிட மோசம், சோதனை எதுவும் தேறவில்லை. அப்போதுதான் மூடி உடைத்த குப்பியிலிருந்து எடுத்த சுத்தத் தண்ணீர்கூட அந்த அறையில் கலந்தால் உறைகிறது. அதே தண்ணீர், அதே சாறு, எதிர்க் கட்டடத்தில் கலந்தால் வழிந்து ஓடுகிறது. குழாயில் பூஞ்சை என்று இயக்குநர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டார்.

அவளுக்குப் பயம் வரவில்லை. உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்காதா என்றுதான் முதலில் நினைத்தாள்.

மறுநாள் மதியம் தொட்டி அறைக்குப் போனாள். தகரக் கூரை. உப்பும் பாசியும் ஈரச் சிமெண்டும் கலந்த நாற்றம். ஒரு மூலையில் பம்பு ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பச்சைத் தண்ணீரின் நிழல் சுவரில் ஆடியது. உதவியாளர் பெண் வாசலைத் தாண்டி வரவில்லை.

பம்பின் முனகல் மெல்ல இறங்கியது.

ஓடுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அடியில் கிடந்தவை எல்லாம் ஒரே திசையில் நகர்ந்தன.

தண்ணீர் மட்டம் சற்றே உயர்ந்தது. யாரோ கையை உள்ளே விட்டால் உயருமே, அவ்வளவுதான்.

டொக், டொக்.

பிறகு அந்தக் குரல். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல, வார்த்தை பிடிபடாமல், இதமாக. அந்த இதத்தை அவள் கேட்டதே இல்லை. புருஷனின் இன்னொரு வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவள் போல நின்றாள். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் பயத்துக்கு இடமே இல்லை.

திரும்பும்போது அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் சாறு கேட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, பார்க்கணும் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

மருத்துவமனையிலிருந்து தண்ணீர்க் குப்பிகள் கொண்டுவந்து, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று என்று கலந்தாள். சூடு காட்டுகிற கருவி வீட்டில் இல்லை. காய்ச்சல் பார்ப்பது போலக் குழாய்களைத் துணியில் சுற்றித் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் வெயில் நகர்ந்தது.

ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தாள். வழிந்தது. வழிந்தது. எல்லாமே தண்ணீராக வழிந்து அவள் முழங்கையில் சொட்டியது.

வீடு சுத்தமாக இருந்தது. அவர் எந்த அறையிலும் இல்லை.

அவர் செத்ததற்கு அழாத அழுகையை அவள் அன்றைக்குத்தான் அழுதாள்.

அந்த வாரமே இயக்குநர் தொட்டி அறையை மூடுவதென்று முடிவெடுத்தார். நண்டுகளைக் கடலில் விட்டுவிட்டு, அறையைக் கழுவி மருந்தடிக்கப் போகிறார்கள். நீலியும் போகும். நீலி போனால் அதன் பின்னாலேயே அவரும் போய்விடுவார். இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடல் அளவு பெரிய இடத்தில் அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

ஒரே ஒருநாள் நீலியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். உதவியாளர் பெண் முடியவே முடியாது என்றாள். வேலை போய்விடும் என்றாள். செத்துப்போனால் யார் பொறுப்பு என்றாள்.

"உனக்கு அவர் சார்," என்றாள் இவள். "உன் சார் உன் கண்ணு முன்னாடி தினமும் வந்து போறாரு. எனக்கு யாரு வர்றா?"

அந்தப் பெண் கடல் தண்ணீர் கேன்களோடும், சின்னக் காற்றுப் பம்போடும் தானே வந்து குளியலறைத் தொட்டியில் நீலியை இறக்கிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். நீலி தொட்டியின் அடியில் ஒருமுறை வளைய வந்துவிட்டு, வீட்டுக்காரி மாதிரி சௌகரியமாக அமர்ந்துகொண்டது.

மதியம் நெருங்கியதும் அவள் கூடத்தில் உட்கார்ந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். கிளம்பாமல் கிளம்பாமல் கடைசியில் கிளம்பிப் போனது.

முதலில் வந்தது வாசனை. உப்பும் அழுகிய பாசியும்.

வாசல் பக்கத் தரைக்கல் ஒன்று ஈரத்தில் கறுத்தது.

அடுத்தது கறுத்தது. அதற்கடுத்தது.

நேராக அவளை நோக்கி வந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்களேன்," என்றாள்.

ஈரம் அவள் கால் விரலை உரசிக்கொண்டு கடந்து போனது. இடது பக்க முந்தானை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

குளியலறையில் டொக், டொக் என்றது. அதே இதமான பேச்சு. இவ்வளவு பக்கத்தில் வார்த்தை பிடிபட்டது. நீலி என்றார். வாம்மா என்றார். கொஞ்சம்தான் எடுப்பேன், அப்புறம் போய் நல்லாப் படுத்துக்கோ என்றார்.

அவள் தொட்டி ஓரத்தில் மண்டியிட்டுத் தன் கையையும் தண்ணீருக்குள் விட்டாள்.

பனிக்கட்டி போன்ற விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. அவளுக்குத் தெரிந்த விரல்கள்தான். ஆட்காட்டி விரலில், ஊசி பிடித்துப் பிடித்து வந்த அந்தத் தடிப்புகூட இருந்தது.

விரல்கள் அவள் கையைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தொட்டியின் விளிம்பில் வைத்தன.

வேலைக்கு இடைஞ்சலாகக் கிடக்கும் குவளையை எடுத்து ஓரமாக வைப்பார்களே, அப்படி. கோபமில்லை. வெறுப்பில்லை. மறுபடியும் நீலியிடம் திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. தரை உலர்ந்தது. அவள் எழுந்து, மருத்துவமனைப் பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டின் இரண்டு பாதிகளும் சேர்கிற மூட்டில் குத்த வேண்டும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கை தேர்ந்தவள்; முதல் குத்திலேயே கிடைத்தது. பாலாக வந்து, பாத்திரத்தில் விழுந்து, துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் மாதிரி நிறம் மாறியது. உடம்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, ஓட்டம் தளர்ந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். ஓட்டம் தளர்ந்தது. அவள் நிறுத்தவில்லை. கால்கள் ஒவ்வொன்றாக மடங்கின. வால் ஒருமுறை உயர்ந்து, தொட்டியின் சுவரில் சாய்ந்தது.

மறுநாள் வந்த உதவியாளர் பெண்ணிடம், இடம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள். அந்தப் பெண் ஓட்டைப் புரட்டி மூட்டைப் பார்த்தாள். இவள் முகத்தையும் பார்த்தாள். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று மதியமும் அவர் வந்தார்.

அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். தரைக்கற்கள் வாசலிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன, குளியலறைக்குள் போயின, அங்கேயே நின்றன. வெகு நேரம் சத்தமில்லை. பிறகு ஈரம் வெளியே வந்தது. படுக்கையறைக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் போனது. அலமாரியின் கீழ்த்தட்டுத் துணிகள் நனைந்தன. சமையலறையில் வாளிகள் இடம் மாறின, பாத்திரம் ஒவ்வொன்றும் மெல்லக் கவிழ்ந்தது.

தேடினார்.

"அது இல்லைங்க. செத்துப்போச்சு. நான் இருக்கேன்," என்று பின்னாலேயே போய்ச் சொன்னாள். கடலைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாளும் தேடினார். அதற்கு அடுத்த நாளும். மிச்சமிருந்த சாறை எல்லா அறைகளிலும் கலந்து பார்த்தாள். கவிழ்த்த குழாய்களில் ஒரு சொட்டு விழவில்லை. எல்லாம் கெட்டியாகி, நீலம் பாரித்து நின்றன. வீடு முழுக்க அவர் இருந்தார். கதவிடுக்கிலும், துணிக்கூடையிலும், குடத்துக்குள்ளும். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார். உயிரோடு இருந்தபோதாவது வழியில் நின்றால் தள்ளு என்பார்.

கழுவி மருந்தடித்த ஆய்வுக்கூடத்துத் தொட்டி அறையில் இப்போது எல்லாக் குழாயும் வழிந்து ஓடுவதாக உதவியாளர் பெண் சொல்லியனுப்பினாள். நீங்கள் என்னோடு வந்து தங்குங்கள் அக்கா என்றும் சொல்லியனுப்பினாள். மதியம் வேலை இருக்கிறது என்று அவள் பதில் சொன்னாள்.

ஒருநாள் கடற்கரைக்குப் போய்க் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். குளியலறைத் தொட்டியை நிரப்பினாள். மதியம் நெருங்கியதும் ரவிக்கையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். முழங்காலை மடக்கி, கைகளை வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டு குப்புறக் குனிந்தாள். மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே. முதுகு ஓடு மாதிரி வளைந்திருந்தது.

வாசனை வந்தது.

தரை நனையும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு சத்தமும் இருக்காது. ஆனாலும் கேட்கும்.

கட்டிலடியில் தேடினார். அலமாரியில் தேடினார். குளியலறை வாசலுக்கு வந்தார்.

நின்றார்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

தொட்டியில் தண்ணீர் மட்டம் சற்றே உயர்ந்தது.

தோள்பட்டைகளுக்கு நடுவில், எலும்பின் மேல், ஒரு விரல் முட்டி இரண்டு முறை தட்டியது.

அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமும்தான், பொய் சொல்வானேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. ஆட்காட்டி விரல் முதுகுத்தண்டின் வழியே மேலே ஊர்ந்து, ஒவ்வொரு எலும்பாகத் தடவிப் பார்த்து, கழுத்துக்குக் கீழே ஒரு மூட்டில் வந்து நின்றது. இனி என்ன என்று அவளுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள், கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அசையாதீர்கள் என்று.

அவள் அசையவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் இவ்வளவு குறைந்திருக்கிறதே, எங்கே போகிறது என்று கேட்டார். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். காயம் இல்லை, கட்டி இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி, கொசு கடித்த மாதிரி. ஒருநாள் உதவியாளர் பெண் நேரிலேயே வந்தாள். குளியலறையைப் பார்த்தாள். தொட்டியின் விளிம்பில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தாள். இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிளம்புங்கள் அக்கா, இப்போதே கிளம்புங்கள் என்றாள்.

"போம்மா, நேரமாச்சு," என்றாள் இவள். "வீட்டுல வேற ஆள் இருந்தா அவருக்குப் பிடிக்காது."

அவள் மெலிந்துவிட்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் அவர் கவனமானவர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருநாளும் எடுப்பதில்லை. எடுத்த பிறகு ரத்தம் ஊறச் சில வாரம் விடுகிறார். அந்த வாரங்களிலும் வருகிறார். முதுகில் தட்டிவிட்டு, கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகிறார். நேரம் தவறுவதில்லை. வாம்மா என்கிறார், வலிக்குதா என்கிறார், போய் நல்லாப் படுத்துக்கோ என்கிறார். இத்தனை வருஷக் குடும்பத்தில் கேட்காத பேச்செல்லாம் கேட்டாகிவிட்டது. அவளும் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு ம் கொட்டுகிறாள்.

இன்றைக்கும் நீலி என்றுதான் கூப்பிடுகிறார்.